பெரும்பான்மைன்னு யாருமே இல்லாத நாடு: யூகோஸ்லாவியா ஜனத்தொகை பத்தி பேசலாம் வாங்க

காரைக்குடி_கணக்கன் எழுதியது:

யூகோஸ்லாவியான்னு பேச்சு வந்தாலே "ஏகப்பட்ட இனம், கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோ இருந்தவரைக்கும் கம்பு வச்சு அடக்குனாரு, அவர் போனதும் அடிச்சுக்கிட்டானுங்க"ன்னு கதைய முடிச்சிடறாங்க. செர்பியா, குரோஷியா, போஸ்னியா, ஸ்லோவேனியா, மாசிடோனியா, மான்டினீக்ரோன்னு ஆறு குடியரசு சேந்து இருந்து 90-கள்ல ஒடஞ்ச நாடு அது. எனக்கு அந்த நாட்டு சென்சஸ் மேல ஒரு கிறுக்கு உண்டு, அந்தப் பக்கமா கொஞ்சம் பேசலாம்னு இந்த இழை.

1981 சென்சஸ எடுத்துக்குவோம். மொத்தம் 2 கோடியே 24 லட்சம் பேரு. செர்பியர் 36 சதவீதம், குரோஷியர் 20-க்கு ஒரு முடி கம்மி, முஸ்லிம் 9 (ஆமா, அங்க அது ஒரு தேசிய இனத்தோட பேரு), ஸ்லோவேனியர் 8, அல்பேனியர் 7.7, மாசிடோனியர் 6, மான்டினீக்ரோக்காரங்க 2.6, ஹங்கேரியர் 1.9, அப்புறம் ரோமா (ஜிப்சின்னு சொல்றவங்க), ஸ்லோவாக், ருமேனியர், துருக்கியர்னு சின்னச் சின்னதா. இதுக்கு நடுவுல "நான் யூகோஸ்லாவ்"னு மட்டும் எழுதிக் குடுத்தவங்க 5.4 சதவீதம், அதாவது 12 லட்சத்துக்கு மேல.

சோவியத்துல 1989-ல கூட ரஷ்யர் பாதிய தாண்டி இருந்தாங்க. செக்கோஸ்லோவாக்கியால செக்காரங்க 60-க்கு மேல. சோஷலிச கூட்டாட்சிகள்ல யூகோஸ்லாவியால மட்டும்தான் யாருக்கும் பாதி கிடையாது.

என் கட்சி இதுதான்: ஃபாரத்துல என்னென்ன கட்டம் வச்சாங்க, ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாடியும் எவ்ளோ பதவி எவ்ளோ நிலம் கட்டி வச்சிருந்தாங்க, அதப் பாத்தாதான் அந்த நாடு ஒடஞ்ச விதம் புரியும். இனம் நிறைய இருந்துச்சுங்கறது மட்டும் ஒண்ணையும் விளக்காது.

தூத்துக்குடி_துரை எழுதியது:

அண்ணாச்சி, கேக்க நல்லாத்தான் இருக்கு ஆனா 1941-லேருந்து 45 வரைக்கும் நடந்தத அப்படியே தாண்டிப் போயிட்டீங்க. ஹிட்லர் பக்கம் நின்னு குரோஷியாவ ஆண்ட உஸ்தாஷாக்காரன் யசெனோவாட்ஸ் முகாம்ல செர்பியரையும் யூதரையும் ரோமாவையும் கொன்னான், செர்பிய தேசியவாத செட்னிக்குங்க கிழக்கு போஸ்னியால முஸ்லிம் ஊரையெல்லாம் கொளுத்துனான், அது முடிஞ்சு மூணே வருஷத்துல 1948-ல சென்சஸ் எடுத்துட்டு வீட்டுக்கு வந்து நீ யாருன்னு கேட்டா எவன் என்ன எழுதுவான்? கட்டமெல்லாம் அப்புறம். பயம்னு ஒண்ணு இருந்துச்சுல்லா.

மலைக்கோட்டை_மணி எழுதியது:

எனக்கு ஒரு பேசிக் டவுட். முஸ்லிம்ங்கறது எப்படி இனமாச்சு? மதம்தானே அது. அல்பேனியர்ல பெரும்பாலானவங்களும் முஸ்லிம்தானே, அப்ப அவங்க எந்த கணக்குல வந்தாங்க?

காரைக்குடி_கணக்கன் எழுதியது:

மணி தம்பி, நீங்க கேட்டதுதான் இந்த இழைக்கே முக்கியமான கேள்வி.

அல்பேனியர் அல்பேனியர்னே எழுதினாங்க, அவங்களுக்கு தனி மொழி. இந்த "முஸ்லிம்"ங்கறது முக்கியமா போஸ்னியாலயும், செர்பியா-மான்டினீக்ரோ எல்லைல இருக்கற சஞ்சாக் பகுதிலயும் இருந்த, செர்பியரும் குரோஷியரும் பேசற அதே மொழிய பேசற, ஆட்டோமன் காலத்துல இஸ்லாத்துக்கு வந்த ஸ்லாவ் ஜனங்க. அவங்கள எங்க போடறதுன்னு ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சிக்கே ரொம்ப நாள் பிடிபடல. இப்ப நம்பர வரிசையா பாருங்க.

1948-ல செர்பிய முஸ்லிம், குரோஷிய முஸ்லிம், இன்னும் முடிவு பண்ணாத முஸ்லிம்னு மூணு வழி வச்சாங்க. 8 லட்சம் பேர் "முடிவு பண்ணல"ன்னு எழுதினாங்க. 1953-ல முஸ்லிம்ங்கற கட்டத்தையே தூக்கிட்டு "இனம் குறிப்பிடாத யூகோஸ்லாவ்"னு ஒண்ணு வச்சாங்க, கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் அதுல போய் விழுந்தாங்க, அதுல 8 லட்சத்து 90 ஆயிரம் போஸ்னியால மட்டும். 1961-ல முஸ்லிம் கட்டம் இனம்ங்கற அர்த்தத்துல திரும்ப வந்துச்சு, 9 லட்சத்து 73 ஆயிரம். 1968-ல போஸ்னிய கட்சித் தலைமை அவங்கள தனி இனம்னு ஒத்துக்கிச்சு, அதுக்கப்புறம் வந்த 1971 சென்சஸ்ல 17 லட்சத்து 30 ஆயிரம்.

பத்து வருஷத்துல 7 லட்சத்து 57 ஆயிரம் ஏத்தம். எந்த ஊர்லயும் அப்படி குழந்தை பிறக்காது. 1961-ல போஸ்னியால செர்பியர் 43 சதவீதம் முஸ்லிம் 26, 1971-ல முஸ்லிம் 39.6 செர்பியர் 37.2. அதாவது போஸ்னியால யார் மொதல் இடம்ங்கறதே மாறிடுச்சு, அதே தெரு அதே வீடு பெரும்பாலும் அதே ஆளுங்க.

துரை சொன்ன பயம் உண்மைதான், அத நான் மறுக்கல. ஆனா பயம் மட்டும்தான் காரணம்னா எல்லாரும் யூகோஸ்லாவ்ங்கற பத்திரமான பொதுப் பேர்ல போய் ஒண்டியிருக்கணும். நடந்தது நேர்மாறு, 1961-ல போஸ்னியால 2 லட்சத்து 75 ஆயிரமா இருந்த யூகோஸ்லாவ் 1971-ல வெறும் 44 ஆயிரம்.

செவப்புத்துண்டு எழுதியது:

இதுல குறை சொல்ல என்ன இருக்கு தோழர்? செர்பியன் "நீ மதம் மாறுன செர்பியன்"னான், குரோஷியன் "நீ மதம் மாறுன குரோஷியன்"னான், ரெண்டு பேரும் இழுத்த ஜனத்துக்கு "நீ நீதான்"னு ஒரு அரசு சொன்னது முன்னேற்றம்தானே. வோய்வோதினாவ பாருங்க, செர்பியாவுக்குள்ள இருபது லட்சம் பேர் இருந்த தன்னாட்சி மாகாணத்துல செர்போ-குரோஷியன், ஹங்கேரியன், ஸ்லோவாக், ருமேனியன், ரூசின்னு அஞ்சு மொழி ஆட்சிமொழி, நோவி சாட் ரேடியோ அஞ்சுலயும் ஒலிபரப்பு, பள்ளிக்கூடமும் அப்படித்தான். ரூசின்ல இருபதாயிரம் பேரு கூட இருந்திருக்க மாட்டாங்க, அவங்களுக்கும். மேற்கு ஐரோப்பால அந்தக் காலத்துல எவன் குடுத்தான்?

நாடு ஒடஞ்சதுக்கு 80-கள்ல கழுத்தை நெரிச்ச வெளிநாட்டுக் கடனையும் ஐஎம்எஃப் சிக்கன நடவடிக்கையையும் பேசாம சென்சஸ் ஃபாரத்த பேசறது எனக்கு ஆச்சரியமா இருக்கு.

தூத்துக்குடி_துரை எழுதியது:

வோய்வோதினா பெருமை பேசற ஆளு 1931-ல யூகோஸ்லாவியால இருந்த 5 லட்சம் ஜெர்மானியர் எங்க போனாங்கன்னும் சொல்லணும். அதுல பெரும்பகுதி வோய்வோதினாக்காரங்க. 1948 சென்சஸ்ல மிச்சம் 55 ஆயிரம். கொஞ்ச பேரு ஜெர்மன் பட்டாளத்தோட ஓடிட்டான், மத்தவன முகாம்ல அடைச்சு நிலத்த பிடுங்கிட்டு போஸ்னியா, லிக்கா, மான்டினீக்ரோ மலையிலேருந்து குடும்பம் குடும்பமா இறக்கி அந்த வீட்லயே குடி வச்சாங்க. முகாம்ல செத்தவன் ஆயிரக்கணக்குல. அஞ்சு மொழி நல்ல விஷயந்தான், ஆறாவது மொழி ஒண்ணு இருந்துச்சு.

செவப்புத்துண்டு எழுதியது:

நாஜி ஆக்கிரமிப்போட அந்த சமூகத்துல ஒரு பெரும்பகுதி ஒத்துழைச்சதையும் சேத்து எழுதுங்க. கூட்டுத் தண்டனை தப்புதான், அதுல எனக்கு மறுப்பில்ல.

சூரிச்_சின்னவன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது சூரிச் பக்கம். இஞ்ச எங்கட ஆக்களும் கொசோவோ அல்பேனியரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில வந்து ஒரே மாதிரி வேலையளிலதான் நிண்டவை, ரெஸ்டோரன்ட் கிச்சின், கட்டட வேலை, கிளீனிங் எண்டு. அதால அவையின்ர கதையள் கொஞ்சம் காதில விழுந்திருக்கு.

கணக்கன் அண்ணை போட்ட பட்டியல்ல ஒண்டை ஆரும் தொடேல்ல. 1981இல அல்பேனியர் 17 லட்சத்து 30 ஆயிரம், மான்டினீக்ரோ ஆக்கள் 5 லட்சத்து 80 ஆயிரம். மூண்டில ஒரு பங்கு சனத்துக்கு முழுக் குடியரசு, மற்றவைக்கு செர்பியாவுக்குள்ள கொசோவோ எண்ட ஒரு தன்னாட்சி மாகாணம் மட்டும். ஏனெண்டா சட்டத்தில ரெண்டு தட்டு இருந்தது. தாயகம் யூகோஸ்லாவியாவுக்குள்ளேயே இருக்கிற இனம் மேல் தட்டு. வெளியில ஒரு சொந்த நாடு இருக்கிறவை, அல்பேனியர், ஹங்கேரியர் போல ஆக்கள், கீழ் தட்டு. பிரிஞ்சு போற உரிமை எண்டு 1974 அரசியல் சட்ட முன்னுரையில எழுதினது மேல் தட்டுக்குத்தான்.

இவையளுக்கு ஒண்டும் குடுக்கேல்ல எண்டும் சொல்லேலாது. கொசோவோ தலைநகர் பிரிஸ்டினாவில அல்பேனிய மொழியில பல்கலைக்கழகம் வந்தது 1970 வாக்கில. படிச்சு முடிச்ச பெடியளுக்கு வேலைதான் இல்லை. 1981 மார்ச்சில அந்தக் கம்பஸ் கன்டீன்ல சாப்பாடு சரியில்லை எண்டு தொடங்கின சண்டை ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள "கொசோவோ குடியரசு" எண்ட கோஷமா மாறி பட்டாளம் இறங்கினது. டிட்டோ செத்து ஒரு வருஷம் கூட ஆகேல்ல அப்ப.

என்னோட வேலை செய்த ஒரு கொசோவோக்காரர் இதைக் கதைச்சா கோவத்தில வாய் நிக்காது, "மலைக்கு மேல ஆடு மேய்க்கிறவைக்கு குடியரசு, எங்களுக்கு இல்லை" எண்டுவார். மான்டினீக்ரோ ஆக்கள் இதை வாசிச்சா என்னை அடிக்க வருவினம், அது வேற கதை.

தூத்துக்குடி_துரை எழுதியது:

சின்னவன் சொன்னது கொசோவோ. சரி கணக்கன் அண்ணாச்சி, இங்க உங்க கட்டம் தியரி வேலை செய்யுமா? கொசோவோல 1948-ல மொத்தம் 7 லட்சத்து 30 ஆயிரம் பேரு, 1981-ல 15 லட்சத்து 80 ஆயிரம். அல்பேனியர் 5 லட்சத்துலேருந்து 12 லட்சத்து 27 ஆயிரம், 68 சதவீதம் 77 ஆச்சு. செர்பியர் 1948-ல 24 சதவீதம் இருந்தவன் 13-க்கு வந்துட்டான். இது ஃபாரத்துல மாறல. பிள்ளை பெத்து மாறுச்சு, பொட்டியக் கட்டிட்டுப் போய் மாறுச்சு. ஐரோப்பாலயே ஒசந்த பிறப்பு விகிதம் அப்ப அங்கதான், ஸ்லோவேனியாலயும் வோய்வோதினாலயும் வீட்டுக்கு ரெண்டு பிள்ளைக்கு கீழ போயாச்சு.

காரைக்குடி_கணக்கன் எழுதியது:

கொசோவோல எண்ணிக்கையே நிஜமா மாறுச்சுங்கறது சரி, அங்க டெமோகிராபிதான் ஹீரோ. ஆனா அந்த செர்பியர் நம்பர நடுவுல ஒரு தடவ நிறுத்திப் பாருங்க. 1948-ல 1 லட்சத்து 72 ஆயிரம், 1971-ல 2 லட்சத்து 28 ஆயிரம். எண்ணிக்கை ஏறித்தான் இருக்கு, சதவீதம்தான் குறைஞ்சுது. 71-க்கு அப்புறம்தான் ஆள் எண்ணிக்கையே இறங்கி 81-ல 2 லட்சத்து 9 ஆயிரம். அந்தப் போக்குக்கு என்ன காரணம்னு கேட்டா செர்பியர் "மிரட்டி விரட்டுனாங்க"ம்பாங்க, அல்பேனியர் "பெல்கிரேடுல வேலை கெடச்சுது போனாங்க"ம்பாங்க. ரெண்டும் நடந்திருக்கு. ஸ்லோவேனியாவோட தலா வருமானம் கொசோவோவ போல ஏழு மடங்கு இருந்த நாட்டுல தெக்கேருந்து வடக்க ஆள் போறதுக்கு தனியா காரணம் தேட வேணாம்.

அப்புறம் 1986-ல செர்பிய அறிவியல் கழகத்து மெமோரண்டம்னு ஒரு ஆவணம் பத்திரிகைல கசிஞ்சுது, அதுல கொசோவோ செர்பியருக்கு நடக்கறது இனப்படுகொலைன்னே எழுதியிருந்துச்சு. பத்து வருஷத்துல பத்தொன்பதாயிரம் பேர் குறைஞ்சதுக்கு அந்த வார்த்தை. அந்த அலை மேல ஏறித்தான் அடுத்த வருஷம் செர்பியக் கம்யூனிஸ்ட் தலைவர் மிலோசெவிச் வந்தாரு. பிறப்பு விகிதம் நிஜம், ஆனா ஆட்சிய பிடிச்சது பிறப்பு விகிதம் இல்லையே, அத சொல்லிப் பயம் காட்டினவன்தான்.

கோவை_கமலா எழுதியது:

எல்லாருமே செர்பியர் குரோஷியர்னே பேசறீங்க, அந்த 12 லட்சம் யூகோஸ்லாவ் பத்தி யாரும் கேக்கலீங்களே. 1971-ல 2 லட்சத்து 73 ஆயிரம், 1981-ல 12 லட்சத்து 19 ஆயிரம், நாலு மடங்குக்கு மேல. ஆராய்ச்சி பண்றவங்க அந்த சமயத்துல ரொம்ப குஷி ஆயிட்டாங்க, ஒரு புது இனம் உருவாகுதுன்னு.

யாருங்க அவங்க? கலப்புக் குடும்பத்துப் பிள்ளைங்க, பட்டாளத்து ஆபீசர் வீட்டுக்காரங்க, கட்சிக்காரங்க, டவுன்ல படிச்ச இளசுங்க. இன்னொரு வகையும் உண்டு, சிறுபான்மையா இருக்கற எடத்துல தன் பேர சொல்லிக்க தயங்கறவங்க, குரோஷியாவுல இருந்த செர்பியர் மாதிரி. அதனாலதான் குரோஷியால 3 லட்சத்து 79 ஆயிரம் பேரு, போஸ்னியால 3 லட்சத்து 26 ஆயிரம், ஸ்லோவேனியாலயும் கொசோவோலயும் பேருக்குத்தான். ரோமா கணக்கும் இப்படித்தான், 1981-ல 1 லட்சத்து 68 ஆயிரம்னு இருக்கு, அத அப்படியே நம்புறவங்க யாரும் இல்ல, நிறைய பேரு பக்கத்துல இருக்கற பெரிய இனத்தோட பேர எழுதிட்டுப் போயிடுவாங்க.

கலப்புத் திருமணத்த பத்தியும் ஒரு மாயை இருக்குங்க. சராயேவோவ பாத்துட்டு போஸ்னியா முழுக்க கலந்து கட்டிக்கிட்டாங்கன்னு நினைக்கறோம். நாடு முழுக்க எட்டுல ஒரு கல்யாணம் மாதிரிதான், போஸ்னியாவும் அந்த சராசரிதான். கிராமத்துக்குப் போனா ரொம்ப கம்மி. நிஜமா கலந்தது வோய்வோதினால, நாலுல ஒண்ணுக்கு மேல. அங்க பெரிய சண்டை நடக்கல. ரெண்டுக்கும் முடிச்சு போட்டு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், சும்மா பக்கத்துல வச்சுப் பாத்துக்கங்க.

குரோஷியால 1991-ல யூகோஸ்லாவ் 1 லட்சத்து 6 ஆயிரம். பத்து வருஷத்துல முக்காவாசி பேரு கட்டத்த மாத்திட்டாங்க.

மலைக்கோட்டை_மணி எழுதியது:

அப்ப அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுதிக்கலாமா? சோவியத்துல பாஸ்போர்ட்லயே போட்டிருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்.

காரைக்குடி_கணக்கன் எழுதியது:

அதுதான் பெரிய வித்தியாசம். சோவியத்துல உள்நாட்டு பாஸ்போர்ட்ல அஞ்சாவது வரில இனம் அச்சாகியிருக்கும், அப்பா அம்மாகிட்டேருந்து வர்றது, ரெண்டு பேரும் வேற இனம்னா பதினாறு வயசுல ஒண்ண தேர்ந்தெடுக்கலாம், அவ்ளோதான். சோவியத் சென்சஸ்ல "சோவியத் இனம்"னு கட்டமே கெடையாது. யூகோஸ்லாவியால நீயா சொல்றதுதான், சொல்லாமலும் இருக்கலாம்.

மான்டினீக்ரோவ பாருங்க. 1948-ல 91 சதவீதம் பேரு மான்டினீக்ரோ இனம்னாங்க. 1991-ல அது 62 சதவீதம், செர்பியர் 9. 2003-ல மான்டினீக்ரோ 43, செர்பியர் 32. பன்னெண்டு வருஷத்துல செர்பியர் மூணு மடங்குக்கு மேல, அதுக்கு ஏத்த மாதிரி பெருசா யாரும் குடியேறவும் இல்ல. செர்பியாவோட சேந்து இருக்கணுமா பிரியணுமாங்கற சண்டை நடந்துட்டு இருந்துச்சு, அண்ணன் ஒரு கட்டம் தம்பி ஒரு கட்டம்னு ஒரே வீட்டுக்குள்ளயே பிரிஞ்சு எழுதினாங்க. 2023-ல எடுத்ததும் 41-க்கு 33.

நெறியாளர்:

நம்ம ஊர் சாதிவாரி கணக்கெடுப்போட ஒப்பிட்டு வந்த நாலு பதிவை தனி இழைக்கு மாத்தியாச்சு. அங்க போய் அடிச்சுக்கங்க. இங்க யூகோஸ்லாவியா மட்டும்.

செவப்புத்துண்டு எழுதியது:

நான் கேட்ட கடன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லல. 80-கள்ல சுமார் 2000 கோடி டாலர் கடன், 1989 கடைசில விலைவாசி வருஷத்துக்கு ஆயிரம் சதவீதத்துக்கு மேல. ஆளுங்க சம்பளம் செத்துப்போச்சு. அதுக்கு முன்னாடி மூணு தலைமுறையா ஒரே ஃபேக்டரில நின்ன செர்பியனும் குரோஷியனும்தானே அவங்க.

காரைக்குடி_கணக்கன் எழுதியது:

தோழர், கடன் இல்லாம அந்த வெடிப்பு வந்திருக்காதுன்னு நானும் நம்பறேன். ஆனா கடன் எல்லாரையும் அடிச்சுது, அது ஏன் வர்க்கமா பிரியாம குடியரசு குடியரசா பிரிஞ்சுது? 1974 சட்டப்படி எட்டு அலகு, ஆறு குடியரசு ரெண்டு மாகாணம், டிட்டோவுக்குப் பிறகு கூட்டுத் தலைமைல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓட்டு. ஸ்லோவேனியாவோட 19 லட்சத்துக்கும் ஒண்ணு, கொசோவோவோட 16 லட்சத்துக்கும் ஒண்ணு, மான்டினீக்ரோவோட 6 லட்சத்துக்கும் ஒண்ணு. அந்நியச் செலாவணி யாருக்கு, பின்தங்கின பகுதி நிதிக்கு யார் எவ்ளோ குடுக்கணும்ங்கற சண்டை எல்லாமே அந்த எட்டு மேசை வழியாத்தான் போச்சு.

அதுல 1988 அக்டோபர்ல வோய்வோதினா தலைமைய கூட்டம் கூட்டி இறக்குனாங்க, 1989 ஜனவரில மான்டினீக்ரோ, மார்ச்சுல கொசோவோ தன்னாட்சி போச்சு. செர்பியாவோட சேத்து எட்டுல நாலு ஓட்டு மிலோசெவிச் பையில. 36 சதவீத ஜனத்தோட பேர்ல பாதி ஓட்டு. மீதி இருக்கறவன் அந்த மேசைல உக்காருவானா? 1990 ஜனவரி கட்சி மாநாட்டுல ஸ்லோவேனியாக்காரங்க எழுந்து போனாங்க, குரோஷியாவும் பின்னாடியே.

தூத்துக்குடி_துரை எழுதியது:

அதே செர்பியன் பக்கம் நின்னும் பாக்கணும். 81 லட்சம் செர்பியர்ல நாலுல ஒருத்தன் செர்பியாவுக்கு வெளிய, போஸ்னியால 13 லட்சம் குரோஷியால 5 லட்சத்துக்கு மேல. ஒரே நாடா இருந்தவரைக்கும் அவனுக்கு கோடு எங்க போனா என்ன. குடியரசு எல்லை நாட்டு எல்லை ஆனா அவன் ஒரே ராத்திரில சிறுபான்மை, அதுவும் 1941 ஞாபகத்தோட. இத கட்டம்னு சொல்லுவீங்களா ஜனம்னு சொல்லுவீங்களா?

காரைக்குடி_கணக்கன் எழுதியது:

ஜனம்தான். ஆனா முடிவுல அவங்களுக்கு என்ன ஆச்சு பாருங்க, குரோஷியால 1991-ல 5 லட்சத்து 82 ஆயிரம் செர்பியர், 12 சதவீதம். 2021-ல 1 லட்சத்து 24 ஆயிரம், 3.2 சதவீதம். அவங்கள காப்பாத்தறோம்னு ஆரம்பிச்ச சண்டைல அந்த ஜனமே போச்சு. போஸ்னியால 1991-ல 43 லட்சத்து 77 ஆயிரம் பேரு, அடுத்த சென்சஸ் 22 வருஷம் கழிச்சு 2013-ல, 35 லட்சம் சொச்சம். நடுவுல 1992-95 போர்ல செத்தது சுமார் ஒரு லட்சம், வீட்ட விட்டு கெளம்பினது 20 லட்சத்துக்கு மேல.

கோவை_கமலா எழுதியது:

போர் முடிஞ்சும் கட்டம் விடலீங்க. போர முடிச்ச 1995 டேட்டன் ஒப்பந்தப்படி போஸ்னியால ஜனாதிபதி குழு மூணு பேரு: ஒரு போஸ்னியாக் (முன்னாடி "முஸ்லிம்"னு எழுதினவங்களோட இப்பத்திய பேரு), ஒரு குரோஷியர், ஒரு செர்பியர். மத்த எல்லாரும் "மற்றவர்கள்", அவங்க நிக்கவே முடியாது. டெர்வோ செய்டிச்னு ரோமா ஒருத்தர், யாகோப் ஃபின்சின்னு யூதர் ஒருத்தர், ரெண்டு பேரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 2009-ல ஜெயிச்சாங்க. சட்டம் இன்னும் மாத்தல.

ஸ்லோவேனியா ரொம்ப ஒரே இனம், அமைதியா பிரிஞ்சுதுன்னு எழுதுவாங்க. அங்க 1992 பிப்ரவரில வேற குடியரசுகள்லேருந்து வந்து குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத, இல்ல விண்ணப்பிச்சும் கெடைக்காத 25,671 பேர குடியிருப்போர் பதிவேட்டுலேருந்து சத்தமில்லாம எடுத்துட்டாங்க. வேலை போச்சு, மருத்துவ அட்டை போச்சு, சில பேர எல்லைல கொண்டு போய் விட்டாங்க.

சூரிச்_சின்னவன் எழுதியது:

மாசிடோனியாவையும் சேருங்கோ. 2001இல அரசுக்கும் அல்பேனிய ஆயுதக் குழுவுக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு ஓரிட் ஒப்பந்தத்தில 20 வீத ஆக்கள் இருக்கிற மொழிக்கு உத்தியோக அந்தஸ்து எண்டு வச்சினம். அதோட சென்சஸ் எண்டாலே யுத்தம். வெளிநாட்டில இருக்கிற அல்பேனியரை எண்ணுறதோ இல்லையோ எண்டு இழுபறிப்பட்டு 2011இல எடுக்கத் தொடங்கின சென்சஸை பாதியில விட்டிட்டினம். பேந்து 2021இலதான் முடிச்சவை.

மலைக்கோட்டை_மணி எழுதியது:

இப்பவும் யாராவது யூகோஸ்லாவ்னு எழுதறாங்களா?

கோவை_கமலா எழுதியது:

எழுதறாங்க தம்பி. செர்பியால 2011-ல 23 ஆயிரம் பேரு, 2022-ல 27 ஆயிரம். ஏறியிருக்கு. அதுல எத்தனை பேரு பழைய ஆளுங்க, எத்தனை பேரு அந்த நாடு போனப்புறம் பொறந்தவங்கன்னு வயசுவாரியா யாராவது பிரிச்சு வச்சிருந்தா இங்க போடுங்க, எனக்கு அதுதான் வேணும்.

தூத்துக்குடி_துரை எழுதியது:

27 ஆயிரம் பேர வச்சு ஒரு பஞ்சாயத்து தேர்தல் கூட ஜெயிக்க முடியாது தாயி. அண்ணாச்சி, வோய்வோதினாவுக்குத் தனி இழை தொறங்க, அந்த ஜெர்மன்காரன் வீட்டு மேட்டர் இன்னும் பாதிதான் பேசியிருக்கோம்.